இரண்டு பிக்சல்

"லோகோ ரெண்டு பிக்சல் இடது பக்கம் போகணும். மறுபடி பண்ணு."

பெர்னதெத் மேடம் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

சங்கமித்ராவுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. திங்கட்கிழமை இதே லோகோவை இரண்டு பிக்சல் வலது பக்கம் தள்ளச் சொன்னதும் இதே மேடம்தான்.

மித்ரா இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஏதாவது ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வாரம் முழுசாக இன்டர்ன்ஷிப் செய்து, கடிதம் வாங்கி வந்தால்தான் பட்டம். ஒரு வாரம் குறைந்தாலும் அடுத்த வருஷம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். ஜீவனஹள்ளியில் அவள் வீடு இன்னொரு வருஷம் தாங்காது. தம்பியைப் பத்தாவதுக்கு மேலே பியூசியில் சேர்ப்பதே இவள் வேலைக்குப் போவதை நம்பித்தான்.

இங்கே கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பொம்மசந்திராவில் வால்வு செய்யும் ஒரு கம்பெனிக்கு வெப்சைட். ஐந்தாவது வாரமே செய்து முடித்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

மேடம் எக்செலில் ஒரு பட்டியல் திறந்தார். 'பக் லிஸ்ட்' என்று பெயர். பக் என்றால் பிழை. ஒன்றைத் திருத்தினால் இரண்டு புதிதாக முளைக்கும். மெனுவில் நீலம் தூக்கல் என்பார். குறைத்துக் கொடுத்தால் வெளுத்துப் போச்சு என்பார். பக்கத்தின் அடியில் காலி இடம் அதிகம் என்பது எழுபத்தாறாவது பிழை. காலி இடம் போதாது என்பது எழுபத்தொன்பதாவது.

பக்கத்து சீட்டில் அருண்குமார் என்று இன்னொரு இன்டர்ன் இருந்தான். அவனும் இதே மேடத்துக்குக் கீழேதான். நாலாவது வாரம் அவன் ஒரு பேஜ் முடித்தான். அதில் டேபிள் கோணல். அதைப் பார்த்துவிட்டு மேடம், "நல்லா வந்திருக்குப்பா" என்று வாயாரச் சொன்னார். மறுநாளிலிருந்து அவன் சீட்டில் இல்லை. பெரிய ப்ராஜெக்டுக்கு வேறு ஆபீசுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று மித்ரா பொருமினாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆபீசிலும் அதே நியாயம்தான் போலிருக்கிறது.

பிழையைவிட நாலு மணிதான் அவளுக்குப் பயம். நாலு மணிக்கு மேனேஜர் அனந்தபத்மநாபன் ரவுண்ட்ஸ் வருவார். "ஆயித்தா?" என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை கேட்பார். முடிந்ததா என்று அர்த்தம்.

"இன்னூ ஆகில்ல சார்," என்பார் மேடம், எல்லார் காதிலும் விழும்படி. "நிறைய பக்ஸ்."

மேனேஜர் மித்ராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் வந்து புலம்பினால், பத்து வாரம் பொறுத்தவளுக்கு ரெண்டு வாரம் பொறுக்காதா என்று அம்மா லட்சுமம்மா கேட்பாள். பொறுத்தாள். ரெண்டு பஸ் மாறி வந்து, ரெண்டு பிக்சல் நகர்த்திவிட்டு, ரெண்டு பஸ் மாறிப் போனாள்.

பன்னிரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை. மதியம் மேடம் பட்டியலைத் திறந்து, மொத்தம் இருந்த நூற்றுப் பத்தொன்பதிலும் 'முடிந்தது' என்று போட்டு மூடினார். ஒரு வார்த்தை பாராட்டு இல்லை. மேனேஜரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

மித்ரா பையிலிருந்து ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். மேடத்தைப் பற்றிய புகார். இரண்டு பக்கம். அடுத்து வருகிற பெண்ணாவது பிழைக்கட்டும் என்று எழுதியது.

அனந்தபத்மநாபன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபடியே அலுத்துக்கொண்டார்.

"ஒரு வால்வு கம்பெனி பேஜுக்குப் பன்னண்டு வாரமாம்மா? உன்கூட வந்தவங்க எல்லாம் எப்பவோ கிளம்பியாச்சு."

"வேற ப்ராஜெக்டுக்கா சார்?"

"ப்ராஜெக்ட் எங்கம்மா இருக்கு? கம்பெனியே தள்ளாடுது. வேலை முடிஞ்ச இன்டர்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடணும்னு மேலேருந்து ஆர்டர். அருண்குமாரை அப்படித்தான் அனுப்பினோம். நாலு வாரத்துக்கு லெட்டர் குடுத்தேன். காலேஜ்ல ஒத்துக்கலை, ஒரு வருஷம் போச்சுன்னு வந்து அழுதுட்டுப் போனான். நான் என்ன பண்ண முடியும்? உன் பேஜ்தான் முடியவே இல்லையே, அதனால உன்னை அனுப்ப முடியலை."

அவர் கடிதத்தை நீட்டினார்.

"ஒரு சின்னப் பேஜை முடிக்க வைக்கத் தெரியலைன்னு இந்த வருஷம் பெர்னதெத் ப்ரமோஷனை நிறுத்தி வெச்சிருக்கேன். வேற என்ன பேப்பர் அது, கையில?"

"ஒண்ணுமில்ல சார்."

வெளியே வந்தாள். காகிதத்தை நாலாய், எட்டாய் மடித்து உள்ளங்கைக்குள் அழுத்திக்கொண்டாள். அவமானமாக இருந்தது. மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். முகத்தில் எப்போதும் இருக்கிற அதே களைப்பு.

"மேடம், அந்த நூத்திப் பத்தொன்பது பக்..."

"முதல் மூணு நிஜம்," என்றார் பெர்னதெத்.

மித்ரா மடித்த காகிதத்தைப் பைக்குள் திணித்தாள். மேடமே சொன்னார்.

"நல்லா வந்திருக்குன்னு அருண்கிட்ட வாய் விட்டுச் சொல்லிட்டேன். மறுநாளே அனுப்பிட்டாங்க. உன் பேஜ் அதைவிட நல்லா இருந்துச்சும்மா. அதான் சொல்லவே இல்ல."