வெட்டுக்காது

“காது வெட்டின நாய் அஞ்சு குட்டிக்குப் பால் கொடுக்குது, டாக்டர். இதுக்கு என்ன சொல்றீங்க?”

கவுன்சிலர் செல்போனை மேசைமேல் வைத்தார். படத்தில், உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பழுப்பு நாய் சுருண்டு படுத்திருந்தது. அதன் ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐந்து குட்டிகள். கால்நடை டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கருத்தடை ஆப்பரேஷன் முடிந்த நாய்க்கு, மயக்கம் தெளிவதற்குள் இடது காது நுனியைத் துளி வெட்டிவிடுவது அந்த நகராட்சிக் கால்நடை ஆஸ்பத்திரியில் வழக்கம். காது வெட்டின நாய் தெருவிலேயே இருக்கலாம். வெட்டாத நாயை நகராட்சி வேன் பிடிக்கும். அதிலும் வாரத்துக்கு இருபதுக்குத்தான் ஆப்பரேஷன், மிச்சமெல்லாம் ஊர்க்கோடிக் கொட்டகைக்கு. கொட்டகைக்குப் போன நாய் எதுவும் வாலாட்டிக்கொண்டு திரும்பி வந்ததில்லை.

இந்த அளவுக்காவது ஓர் ஏற்பாட்டை நகராட்சியிடமிருந்து வாங்குவதற்குள் டாக்டரம்மா நாய் படாத பாடு பட்டிருந்தார்.

“எலெக்‌ஷன் பக்கத்துல வந்தாச்சு. நாய்க்கு ஓட்டு இருக்கா, கடிபட்ட பிள்ளையோட அப்பனுக்கு ஓட்டு இருக்கான்னு எதிர்க்கட்சிக்காரன் மைக்கைப் பிடிச்சுக் கேக்கறான்” என்றார் கவுன்சிலர். “நாலு மணிக்குக் கூட்டம். தப்பு பண்ணினது யாருன்னு ஒரு பேர் வந்தா, விஷயம் அந்த ஆளோட போயிடும். வரலைன்னா, காது வெட்டினது வெட்டாதது எல்லாத்தையும் வேன்ல ஏத்தச் சொல்லித் தீர்மானம் போட்டுடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

அவர் இறங்கிப் போகவும், வேன்காரன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வரவும் சரியாக இருந்தது. நாய் பிடிக்கும் அவனுக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் வைத்த பெயர் எமன். அவன் குரல் கேட்டதுமே கூண்டுகளில் இருந்த நாய்கள் கப்சிப்பென்று அடங்கிவிட்டன. டாக்டரம்மா வழக்கம்போல அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

“கம்பவுண்டரண்ணே, அந்த ஊதா மருந்து இன்னொண்ணு கொடுங்க. கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது.”

“இந்த மாசத்துல இது மூணாவது பாட்டில். கால்ல புண்ணா, புண்ணுல காலா?” என்று முணுமுணுத்தபடி கம்பவுண்டர் எடுத்துக் கொடுத்தார். எமன் வாங்கிக்கொண்டு வேனுக்குப் போனான்.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். பதினாறு வருடமாகக் காது வெட்டுவது கம்பவுண்டர்தான். கத்தரி இருக்கும் அலமாரியின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

“அண்ணே, ஒண்ணு கேப்பேன். தெரிஞ்சவங்க யாராவது கெஞ்சினாங்கன்னு, ஆப்பரேஷன் இல்லாம காதை மட்டும் வெட்டி அனுப்பிட்டீங்களா?”

“என்னையா கேக்கறீங்க?”

“கத்தரி வேற யார் கையில இருக்கு? வேலியே பயிரை மேய்ஞ்சா நான் எங்க போய்ச் சொல்றது?”

கம்பவுண்டர் சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்; ஏப்ரனைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“கூட்டத்துல என் பேரையே சொல்லிடுங்க. நாய்ங்களாவது பிழைக்கட்டும்.”

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். டாக்டரம்மா கூப்பிட வாயெடுத்தார், ஆனால் கூப்பிடவில்லை. ஒரு பேர் வேண்டியிருந்தது. ஊரில் இருக்கும் அத்தனை நாய்களின் உயிரும் அந்த ஒரு பேரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மனசு உறுத்தியது. பேரை எழுதுவதற்கு முன் அந்த நாயை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வாசலில் வேறு வண்டி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டரம்மா எமனின் வேனில் ஏறி உட்கார்ந்தார். படத்தில் இருந்த தொட்டிக்கு ஓட்டச் சொன்னார்.

தொட்டியை நெருங்கியதும் பழுப்பு நாய் பல்லைக் காட்டி உறுமியது. டாக்டரம்மா நான்கடி தள்ளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். இடது காது முழுசாக, விறைத்து நின்றது. வெட்டு இருந்தது வலது காதில், கோணலும் பிசிறுமாக. அதன் ஓரத்தில் ஊதா நிறம் இன்னும் மங்கவில்லை.

தூக்கத்தில் எழுப்பிக் கத்தரியைக் கொடுத்தாலும் கம்பவுண்டர் இடது காதைத்தான் தொடுவார். அந்த மனுஷனைப் போய் என்ன வார்த்தை கேட்டுவிட்டோம்!

“இது எங்க ஆஸ்பத்திரி வெட்டே இல்ல” என்றார் டாக்டரம்மா. “மயக்க மருந்துகூட இல்லாம யாரோ வெட்டியிருக்காங்க. அநியாயமா அண்ணனைத் துரத்திட்டேன். நாலு மணிக்கு இப்ப யார் பேரைச் சொல்வேன்?”

எமன் தொட்டி ஓரமாகப் போய் நின்றான். நாய் உறுமுவதை நிறுத்தியிருந்தது.

“என் பேரைச் சொல்லுங்க டாக்டரம்மா. கொட்டகைக்கு ஏத்த மனசு வராதப்பல்லாம் வலது காதை வெட்டி விட்டுட்டேன்.”