பிந்தாத குரல்

“மெடம்... நஸ்ரியா மெடம்!”

மூன்று தரம் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. ஏசியும் கொம்பியூட்டர்களும் இரைந்துகொண்டிருந்த அந்த அறையில், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

மதுசன் முன்னால் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள்.

“புரோகிராம் முடிஞ்சிதா?”

“ஓம் மெடம். இது பதினோராவது தரம்.”

ஓட்டிப் பார்த்தாள். “இன்னும் பிந்துது. திரும்ப எழுதுங்க.”

அவர்கள் செய்துகொண்டிருந்தது நகத்தளவு சிப் ஒன்று. அதற்குள் எட்டு புரொசெஸர்கள். வந்து விழும் சத்தத்தை எட்டும் பங்குபோட்டு, இரைச்சலைக் கழித்து, மனிதக் குரலை மட்டும் அந்தக் கணமே தர வேண்டும். சிப்பை வடிவமைத்தவள் நஸ்ரியா. எட்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம் மதுசனுடையது.

“அரை செக்கன்கூட இல்லையே மெடம்!”

“வாய் அசைஞ்சு முடிஞ்ச பிறகு குரல் வந்தா ஆருக்குப் பிரயோசனம்?”

வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதமும் இதே கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டாவது தரமும் எழுதினான்.

மறுநாள் காலை, திருகோணமலை மீன்பிடி ஜெட்டியில் சோதனை. மூன்று படகுகளின் எஞ்சின்கள் ஒன்றாக முழங்கின. பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்கவில்லை.

“சிப் என்னட்ட இருக்கு. நீங்க இங்கயிருந்து புரோகிராமை ஏத்துங்க” என்று சொல்லிவிட்டு, நஸ்ரியா பத்தடி முன்னால் போய்க் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

மதுசன் லப்டொப்பில் பொத்தானை அழுத்தினான். திரையில் எட்டுப் புரொசெஸர்களின் கோடுகளும் பச்சையாகின. தாமதம், நாலு மில்லி செக்கன்!

“வெண்டிட்டம் மச்சான்!” கூட வேலை செய்யும் றெக்சனைக் கட்டிப்பிடித்தான்.

“மெடத்திட்டப் போய்ச் சொல்லன்” என்றான் றெக்சன்.

மதுசன் அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினான். “அவவோ? கூப்பிட்டாத் திரும்புற ஆளே? சரியான தலைக்கனம் பிடிச்ச மனிசி!”

நஸ்ரியா சட்டென்று திரும்பினாள்.

கண்கள் இரண்டும் நிரம்பியிருந்தன. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. விறுவிறென்று அவன் முன்னால் வந்து, தலையை மூடியிருந்த துணியைக் காதோரம் சற்று விலக்கினாள். உள்ளே, சின்னதாய் ஒரு செவிப்புலன் கருவி. அதற்குள் அந்தச் சிப்.



“அல்ஹம்துலில்லாஹ்! இருபது வருசமா, இரைச்சலுக்குள்ள முதுகுக்குப் பின்னால ஆர் என்ன கதைச்சாலும் எனக்கு ஒரு சொல்லும் விளங்கினதில்ல” என்றாள். “இன்னொருக்காத் திட்டுங்க மதுசன்... ஆசை தீரக் கேட்கிறன்!”