ஓசிக் காது

“காசு கட்டாதவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் கைடு, எதிரே இருந்த கல்தூணைப் பார்த்து.

தூண் நகரவில்லை. அதன் பின்னால் நின்றிருந்தவளும் நகரவில்லை. நாற்பதைத் தாண்டியவள், முதுகில் சாயம் போன பெரிய பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் பாதி தின்ற பன். கைடு வைத்துக்கொள்ளாமல், காசு கட்டி வந்த கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே கோயில் முழுவதையும் பார்த்துவிடும் சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு.

கூட்டத்தில் இருந்த ரிட்டயரான தலைமை நர்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுத் தொகையும் கட்டி இந்தச் சுற்றுலாவில் சேர்ந்தவர் அவர். தான் காசு கொடுத்துக் கேட்பதை இன்னொருத்தி ஓசியில் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கைடும் லேசுப்பட்டவர் இல்லை. இடிந்து கிடந்த கோபுரத்தை வார்த்தையாலேயே எழுப்பி நிறுத்தினார். மரத்தின் வேர் விழுங்கியிருந்த சுவருக்கு முன்னால் நின்று, அதைச் செதுக்கிய சிற்பிகள் போட்டுக்கொண்ட சண்டையை அவரவர் குரலில் நடித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது. தூணுக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்புதான் எல்லாவற்றையும் விடச் சத்தமாக இருந்தது.

கைடு குரலைத் தாழ்த்தினார். பைக்காரி இன்னும் நெருங்கி வந்தாள். அவர் கூட்டத்தை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அவளும் விடாமல் பின்னாலேயே போனாள்.

“இது நியாயமா?” என்று கடைசியில் வெடித்தார் கைடு. “இவங்கள்லாம் பணம் கட்டி வந்திருக்காங்க.”

“வரட்டும். கல்லு எந்த ராஜாவோ கட்டினது. காத்து யாரும் கட்டாதது. காதுல வந்து விழுந்தா நான் என்ன பண்றது?”

“குரல் என்னோடது.”

“அதைக் கேக்கத்தானே ராத்திரி பூரா பஸ்ல இடிபட்டு வந்திருக்கேன்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நர்சின் உதட்டோரமே துடித்தது. பெரிய டாக்டர்கள் முன்னால் தலையாட்டியே காலத்தைத் தள்ளியவர் அவர். வெடுக்கென்று இப்படி ஒரு பதில் சொல்ல அவருக்கு ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

கைடின் முகம் சிவந்துவிட்டது. “அவங்க வெளியில போனாத்தான் கடைசி மண்டபம். இல்லேன்னா இத்தோட முடிச்சுக்கலாம்.”

அந்த மண்டபத்துக்காகவே வந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “போயேம்மா, எங்க காசுல மண்ணள்ளிப் போடாதே” என்றார் ஒரு பெரியவர்.

“போக மாட்டேன். அந்த மண்டபத்துக் கதையைக் கேக்காம இங்கேருந்து நகர மாட்டேன்.”

குரல் என்னவோ கணீரென்றுதான் இருந்தது. ஆனால் பாதி பன்னைத் தின்ன மறந்து அவள் கையிலேயே நசுக்கிக்கொண்டிருப்பதை நர்ஸ் பார்த்துவிட்டார். வெறும் வம்புக்கு நிற்கிறவள் இல்லை. என்னவோ இவளுக்கு அந்தக் கதை அவ்வளவு வேண்டியிருக்கிறது.

அவ்வளவுதான், நர்ஸ் கட்சி மாறிவிட்டார். “இவங்க வராத இடத்துக்கு நானும் வரல. இவங்க என்னோட விருந்தாளின்னு வச்சுக்குங்க. என்ன பண்ணிடுவீங்க, பாக்கறேன்!” என்று சொல்லி, பைக்காரியின் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தினார். ஆயுசில் முதல்தடவையாக ஒருத்தரை எதிர்த்துப் பேசியதில் அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

கைடு விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

கடைசி மண்டபத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கல் ஆசனங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் கைடுக்குத் தொழில் புத்தி திரும்பிவிட்டது. “நாள் பூரா ராஜ்ஜிய விவகாரம் பேசிப் பேசி ராஜாவுக்குத் தொண்டையே வறண்டு போயிருக்குமாம். ஆனாலும் பொழுது சாஞ்சா இங்க வந்து ராணிக்கு எதிர்ல உக்காந்துடுவாராம். அன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுவாராம். ‘ஊரோட பேசறது என் கடமை, உன்னோட பேசறதுதான் என் சந்தோஷம்’னு ராணி கையைப் பிடிச்சுக்குவாராம்.” கைடு ராணியின் ஆசனத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

மண்டபமே உருகிப் போய் நின்றது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க சார். தினம் தினம் இந்தப் பேச்சைக் கேக்கலாம்.”

கைடு வாயைத் திறக்கவில்லை.

பைக்காரி நர்சின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். பையை இறக்கிக் கீழே வைத்தாள். நேரே போய் ராணியின் ஆசனத்தில் சட்டமாக உட்கார்ந்தாள்.

“வீட்டுல இவர் வாயே திறக்க மாட்டாருங்க, அதான் இங்க வந்து கேக்கறேன்!”