திரும்பிய முதுகு

யாரும் தன்னை விட்டுப் போகாமலிருக்க, திரைச்சீலைக் கடைக்காரி கொடுத்துவரும் விலை நூற்றுக்கு இருபது தள்ளுபடி. புருஷன் பெட்டியோடு படியிறங்கிப் போனதிலிருந்து திரும்பிய முதுகு எதையும் அவளால் பார்க்க முடிவதில்லை. வந்தவர் எழுந்தாலே போதும், கேட்காமலே விலையை இறக்கிவிடுவாள். இப்போதும் ஒரு அம்மாள் நீலத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேற கடையில பாத்துக்கறேன்" என்று எழுந்து நடக்கிறார். கண்ணாடிக் கதவில் சாயங்கால வெயில் தளும்புகிறது. மூலையில் தைத்துக்கொண்டிருக்கும் அக்கா மிஷினை நிறுத்துகிறாள். "என்னடி, கூப்பிடலையா? வாயையும் சேத்துத் தச்சுட்டேனா?" "நியாயமான விலைதானேக்கா சொன்னேன்." "அந்தம்மா போறாங்கடி!" "போகட்டும்." சொல்லும்போதே அந்த அம்மாளைக் கூப்பிடக் கை எழுகிறது. அதை மறு கையால் பொத்தி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் மெல்லத் தட்டுகிறாள். "பயப்படாத, நான் எங்கேயும் போகல" என்று தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொள்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. விரித்த நீலத்தை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அவசரமில்லாமல் மடிக்கிறாள். விரல்கள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கின்றன. "வந்த ஆளை விட்டுட்டு மடிக்கிற அழகைப் பாரு! என்னடி மிச்சம் நமக்கு?" என்கிறாள் அக்கா. "போனது ஒருத்தர். என்கூட இருக்கிறது நான். கணக்கு நேராயிடுச்சுக்கா."