பெட்டியோடு போன கால்சட்டைகள்

நேற்று மாலை அறை வாசலில் வைத்த பெட்டியைக் காலையில் காணோம். ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

குன்வோருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முழங்கால் இடம் கொடுக்காததால் கைகளை மட்டும் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.

அந்த உல்லாசக் கப்பலில் அதுதான் வழக்கம். மறுநாள் கரையிறங்கிக் காட்டுக்குப் போகிறவர்கள் முந்தின மாலையே பெட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். அது லாரியில் ஏறி முன்னால் போகும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் காலையில் உடுத்த வேண்டியதையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, துண்டோடு நின்று முழிப்பார். அதைச் சொல்லிச் சொல்லியே கப்பலில் ஒரு வாரம் ஓடும்.

குன்வோர் நிதானமாக யோசித்துத்தான் செய்தாள். கணவர் சிக்ஸ்டனின் கால்சட்டைகளை ஒன்று விடாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கொள்ளாததையும் அவர் கழற்றிப் போட்டதையும் சலவைக்குப் போட்டாள். கடைசியாக அவருடைய புகையிலை டப்பாக்களையும் உள்ளே தள்ளினாள். உதட்டுக்கடியில் புகையிலை அதக்காமல் மனிதரால் ஒரு காபிகூடக் குடிக்க முடியாது. பெட்டி போகிற இடத்துக்கு அவரும் போய்த்தானே ஆக வேண்டும்?

பின்னே என்ன செய்வாள்? ஸ்வீடனில் கப்பல் ஏறியதிலிருந்து அவர் ஒரு துறைமுகத்தில்கூட இறங்கவில்லை. மேல்தளத்தில் ஒரு நாற்காலி, மடியில் குறுக்கெழுத்து. லிஸ்பனையும் ஏதென்ஸையும் அவள் தனியாகவே சுற்றினாள். திரும்பி வந்து கதை கதையாகச் சொன்னால் "ம்" என்பார். பென்சில் நிற்காது.

அதெல்லாம் போகட்டும். யானையைத் தனியாகப் பார்க்க அவளுக்கு மனசில்லை. காட்டு யானை புதரை விலக்கிக்கொண்டு வரும்போது பக்கத்தில் இருக்கிறவரை முழங்கையால் இடித்து, அதோ என்று காட்ட வேண்டும். காட்ட ஆளில்லாமல் பார்த்துத்தான் என்ன?

மொம்பாசாவில் இறங்கி, காட்டில் தங்கிவிட்டு, அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிப்பதாக ஏற்பாடு. வருகிறேன் என்று தலையாட்டியவர் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் பல்டி அடித்தார்.

"நான் வரல. நம்ம தோட்டத்துக்கே கடமான் வந்து, புளிச்ச ஆப்பிளத் தின்னுட்டு போதையில தள்ளாடுது. அதையே எந்திரிச்சுப் போய்ப் பாக்காதவன் நான்."

மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அறைக்கு வந்துதான் பெட்டியைத் திறந்தாள்.

இப்போது அறைக்குள் நுழைந்தபோது சிக்ஸ்டன் அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். உடம்பில் நீலக்கோடு போட்ட தொளதொள பைஜாமா.

"என் கால்சட்டை எல்லாம் எங்க?"

"ஐயோ, பெட்டியில வச்சிட்டேன் போலிருக்கே." அந்த ஐயோவை அவள் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தாள்.

"புகையிலை?"

"அதுவும்தான். வயசாயிடுச்சு சிக்ஸ்டன்."

அவர் அவளையே பார்த்தார். பிடிவாதக்காரர். பைஜாமாவோடு அறையிலேயே கிடக்கிறேன் என்றாலும் சொல்வார்.

"ஊரே சிரிக்கப்போகுது," என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவர் படியில் இறங்க இறங்க மேல்தளத்திலிருந்து கைதட்டினார்கள். "பாத்து சிக்ஸ்டன், உன்னப் பாத்தா சிங்கத்துக்கும் தூக்கம் வந்துரும்," என்று சீட்டாட்டக் கூட்டாளி ஒருவர் கத்தினார். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. சிக்ஸ்டனின் கழுத்தில் வேர்வை வழிந்தது. விறைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். பாவம், வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் குன்வோர். பாவப்பட்டாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பேருந்துக்குப் பக்கத்திலேயே லாரி நின்றது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

வழிகாட்டிப் பெண் நெகேசா பைஜாமாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "லாரி இன்னும் கெளம்பல ஐயா. உங்க பெட்டிய இறக்கித் தரச் சொல்லட்டுமா?"

பெட்டி கைக்கு வந்தால் கால்சட்டை வரும், புகையிலை வரும். அப்புறம் கப்பலுக்குத் திரும்பிப் போக அவருக்கு என்ன தடை? யானை வரும்போது பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும்.

சிக்ஸ்டன் லாரியைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார்.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

குன்வோர் சின்னப் பெண் மாதிரி அவர் பின்னாலேயே ஏறினாள். பேருந்து கிளம்பியது. துறைமுகக் கதவைத் தாண்டியது. கப்பலின் புகைபோக்கியும் கிடங்குகளுக்குப் பின்னால் மறைந்தது. ஜெயித்துவிட்டாள். தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கையில் நிலைகொள்ளாமல் தவித்தாள்.

"இதுக்கு மேல தாங்காது," என்றார் சிக்ஸ்டன்.

எழுந்து நின்றார். பேருந்தில் அத்தனை பேர் இருக்க, பைஜாமா நாடாவை அவிழ்த்தார்.

குன்வோர் பதறிப்போய் அவர் கையைப் பிடிக்க எழுந்தாள். அதற்குள் பைஜாமா கணுக்காலுக்கு வந்துவிட்டது.

உள்ளே சாம்பல் நிறக் கால்சட்டை. பெல்ட்டோடு. நேற்று அவள் தன் கையாலேயே மடித்து, பெட்டியின் அடியில் வைத்தது.

சிக்ஸ்டன் பைஜாமாவை உருவி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தரம், எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"யானை எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார்.