புதுக் கம்ப்யூட்டர் ஏற்காத தேதி

அலுவலகம் முழுவதற்கும் வந்திறங்கிய புதுக் கம்ப்யூட்டர்களில் ஒன்று மேசையில் மினுமினுக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கடிதப் பிரிவைக் கட்டி மேய்க்கும் அக்கா பக்கத்தில் நின்று புகார் வாசிக்கிறார். "ஃபைலத் திறந்தா படிக்க மட்டுந்தான் விடுது, ஒரு எழுத்து திருத்த விடல. மக ஆபரேஷனுக்கு லீவு போட்டா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எந்தத் தேதியையும் ஏத்துக்க மாட்டேங்குது." கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் மேலாளர், "மாற்றத்தை நாமதான் அரவணைச்சுக்கணும்" என்று அருள்வாக்கு சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொள்கிறார். வழுக்கை விழத் தொடங்கிய கம்ப்யூட்டர்காரர் மூன்றாவது தடவையாக அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். பிறகு அக்காவின் பெயரில் உள்ள லாகின் கணக்கைத் திறக்கிறார். கணக்கு முடியும் நாள், வெள்ளி. காரணம், பணிநீக்கம். கீழே மேலாளரின் ஒப்புதல், போன மாதத் தேதியில். மவுசின் மேல் கம்ப்யூட்டர்காரரின் விரல் அப்படியே நிற்கிறது. சட்டென்று அந்தப் பக்கத்தை மூடுகிறார்.

"என்ன தம்பி, வைரஸா?"

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. மேல கேக்கணும்."

"கேளுங்க, கேளுங்க. அடுத்த வாரம் வந்து நிதானமா பாத்தாப் போதும். நான் எங்க ஓடிடப் போறேன்."