மாரிசெல்வியின் மூன்றாவது கேக்

முதல் கேக் அடிபிடித்துக் கரிந்துபோனது.

இரண்டாவது நன்றாகத்தான் உப்பி வந்தது. பொறுக்கமாட்டாமல் மாரிசெல்வி பாதியில் மூடியைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் பொத்தென்று குழி விழுந்துவிட்டது.

அதைச் சுரண்டி ஒரு தட்டில் ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்த கடைசி முட்டைகளை எடுத்து உடைத்தாள்.

அடுத்த வீட்டு அய்யம்மாளின் பேரனுக்கு நாளைக்குப் பிறந்தநாள். பேக்கரிக்குப் போகாமல் இவளிடம் கேக் சொல்லியிருந்தாள். மாரிசெல்விக்கு வந்த முதல் ஆர்டர் அது.

வீட்டில் ஓவன் கிடையாது. சோறு வைக்கிற குக்கர்தான். உள்ளே உப்பைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் மாவுக் கிண்ணத்தை இறக்கி, தீயைக் குறைத்து வேகவிட வேண்டும். சாத்தூரில் காலேஜ் படிக்கிற மகள் பானு வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்த வழி.

போன வாரம் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சோலைச்சாமி வாசலில் வண்டியை நிறுத்தினார். சீசன் தொடங்கிவிட்டது, ஆள் பத்தவில்லை, திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வா என்றார்.

"நான் இனிமே கேக்குப் போடப் போறேன் அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். "போடு, போடு. போட்டு முடிச்சுட்டு வா. ஒனக்கு எடம் இருக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை. அவளும் கடைசியில் வந்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்த சிரிப்பு அது. காலையிலிருந்து மாவு அடித்து அடித்து அவளுக்குத் தோள்பட்டை இற்று விழுந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் கை மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது மாவு கட்டியில்லாமல் வந்தது. எசன்ஸ் விட்டாள். குக்கரில் இறக்கி மூடினாள்.

இந்தத் தடவை திறக்கவே கூடாது. உள்ளே நின்றால் கை சும்மா இருக்காது என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விட்டாள்.

ஒரு குடத்தை நிரப்பி இறக்கி வைத்தாள். கிளம்ப மனமில்லாமல் மற்றவர்களின் குடத்துக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டமார்.

குழாயடிப் பேச்சு அறுந்து நின்றது. வீட்டுக்குள் இருந்தவர்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எல்லோருடைய முகமும் பட்டாசு ஆலைகள் இருக்கிற வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. புகை எழும்புகிறதா என்று பார்த்தார்கள். வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தது.

அதை யாரும் நம்பவில்லை. போனை எடுத்தார்கள்.

ஆலைக்குள் போகிறவர்கள் செல்லைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது தெரிந்தும் அடித்தார்கள். அய்யம்மாள் மகனின் போனைக் கேட்டில் வாட்ச்மேன் எடுத்தார். "இங்கன ஒண்ணுமில்ல ஆத்தா. எல்லாரும் வேலை பாக்குறாக" என்றார். அய்யம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாரிசெல்வியின் கையும் தானாக ஒரு பேரைத் தேடி அமுக்கியிருந்தது. பானு அப்பா.

ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. "எடுங்க... எடுங்களேன்" என்று வாய்க்குள் முனகினாள்.

"ஏ மாரிசெல்வி! ஒன் வீட்லயிருந்துல்ல புகை வருது!"

தெருமுனையிலிருந்து யாரோ கத்தினார்கள். காதில் வைத்த போனை எடுக்காமலே ஓடினாள். பின்னாலேயே அய்யம்மாளும் ஓடினாள்.

அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் உப்பு. குக்கர் மூடி நெளிந்து மூலையில் கிடந்தது. வெந்தும் வேகாத மாவு மேலே சீலிங்கில் அப்பியிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூடியில் ரப்பர் அப்படியே இருந்தது. கேக்குக்கு ரப்பரும் போடக்கூடாது, விசிலும் போடக்கூடாது. நித்தம் சோறு வைக்கிற கை, நினைப்பில்லாமல் இரண்டையும் மாட்டிவிட்டிருக்கிறது.

அய்யம்மாள் கேஸை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, எம் பேரன் ஏணி போட்டு ஏறியா கேக்கு வெட்டணும்?"

வாசலில் கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யம்மாள் மட்டும் சிரிக்காமல் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய குக்கர் இருந்தது. மூடியிலிருந்த ரப்பரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, குக்கரை அடுப்பின்மேல் டங்கென்று வைத்தாள்.

ரிங் அறுந்தபோதெல்லாம் மாரிசெல்வியின் கை மறுபடியும் அதே பேரை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மறுமுனையில் போனை எடுத்தார்கள்.

"எங்கனம்மா?"

பானுவின் குரல். அவளுக்கு மூச்சு வாங்கியது. வகுப்பைவிட்டு வெளியே ஓடி வந்திருக்க வேண்டும்.

மாரிசெல்வி சீலிங்கைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த மாவைத் துடைத்தாள்.

"நம்ம வீட்லதான்டி. குக்கரு. யாருக்கும் ஒண்ணுமில்ல. வரும்போது முட்டை வாங்கிட்டு வா."

பானுவுக்கென்று தனியாக ஒரு நம்பர் உண்டு. அம்மாவும் மகளும் தினமும் பேசிக்கொள்வது அதில்தான். அப்பாவின் சிம்மையும் அவள் அதே போனில் போட்டு வைத்திருக்கிறாள். அவர் வேலை பார்த்த பட்டாசு ஷெட் வெடித்து, அவரோடு தரைமட்டமாகி மூன்று தீபாவளி முடிந்துவிட்டது. அந்த நம்பருக்கு இப்போது வேறு யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் விடாமல் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு வருகிறாள்.

எங்கே சத்தம் கேட்டாலும் அம்மா அந்த நம்பருக்குத்தான் அடிப்பாள். யாராவது எடுக்க வேண்டுமே.